சவரிமுத்துவும் நானும் மழையில் ஓடிய ஓட்டம்

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு நான் எந்தப் பலகையையும் விட்டுவைப்பதில்லை. பேருந்து நின்றால் கடைப் பெயர்களைப் படிப்பேன். வடை மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவேன். போன மாதம் விழுப்புரத்தில் மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு ரெட்டியார்பாளையத்தில் வந்து இறங்கினேன். மாதா கோயில் வாசலில் கரும்பலகை இருந்தது. சாக்கட்டியால் புதிதாக எழுதியிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டினேன். 'இன்று மாலை நான்கு மணிக்கு' என்பதை எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அடுத்த வரியில் 'அடக்கத் திருப்பலி' என்று இருந்தது. அதையும் படித்தேன். அதற்குக் கீழே ஒரு பெயர். மூன்று எழுத்து கூட்டியதுமே யார் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் கடைசி எழுத்து வரை படித்தேன். பேண்டு சவரிமுத்து.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிடும் இந்த மலரில் நானும் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி ஆரோக்கியமேரி கேட்டார். அவரோடு டிரம்பெட் ஊதியவர்களும், காலையில் நம்மோடு ஓட வருகிறவர்களும், கோயில்காரர்களும் இதைப் படிப்பீர்கள். என் பெயர் கலியபெருமாள். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவன். மற்றவர்கள் அவர் நல்லவர் என்று எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. சின்ன வயதிலிருந்து இருந்தது. எனக்கு எழுதத் தெரிந்தது அதைப் பற்றித்தான்.

நாங்கள் இருவரும் ஒரே தெரு. என் அம்மா அடிக்கடி சொல்லுவாள்: "சவரி அவங்கம்மா வயித்துல இருக்கும்போதே நீ நடந்துட்டடா." அதனால் நான் மூத்தவன். அவர் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'டா' போட்டுத்தான் பேசுவேன். இப்போது இறந்தவரைப் பற்றி எழுதுவதால் 'அவர்' என்று எழுதுகிறேன். கை கூசுகிறது.

அவர் பள்ளிக்கூடம் போனார். பிரெஞ்சு படித்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் டிரம்பெட் ஊதிக்கொண்டு போவார். நான் பின்னால் ரிக்‌ஷாவில் ஆள் ஏற்றிக்கொண்டு வழி கேட்டு மணி அடிப்பேன். பொறாமைக்கு இது போதாதா?

வயதான பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நான் நடந்தேன். மறுநாள் சவரிமுத்து வந்து, "நடக்கறதுக்கு எதுக்கு அண்ணே காலைல எழுந்துக்கணும், ஓடலாம் வாங்க" என்றார். ஓடினோம். ரிக்‌ஷா மிதித்த கால் எனக்கு, அது களைக்காது. ஆனால் மூச்சு வாங்கும். அவருக்குக் கால் குச்சி. மூச்சு மட்டும் தீராது. "மூச்சை இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க அண்ணே. வெளிய ஊதுறதைப் பாருங்க. உள்ள அதுவா வரும்" என்பார். மேட்டில் ஓடும்போது சீட்டி அடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் கார்த்திகையில் நம் ஊரில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தினார்கள். அரை மாரத்தான் என்றார்கள். ஓடி முடிப்பவர்களில் வயதில் மூத்தவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு என்று சவரிமுத்துதான் படித்துச் சொன்னார். எனக்கு அந்த நிமிடமே கோப்பை கைக்கு வந்துவிட்டது. நான்தானே மூத்தவன்? இந்த ஒன்றிலாவது அவரை முந்தியே பிறந்துவிட்டேனே என்று இருந்தது.

ஓட்டத்தன்று கடலில் புயல் சின்னம். முதல் நாளிலிருந்து விடாத மழை. கடற்கரையில் விடியற்காலையில் போய் நின்றபோது காற்று ஈரத்தோடு எலும்புக்குள் போனது. மார்பில் குத்திய எண் துணி நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. தட்டாஞ்சாவடி போவதற்குள் என் கேன்வாஸ் ஷூ ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் கனத்தது. கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் ஓடினேன். சவரிமுத்து பேண்டுக்குப் போடும் கறுப்பு ஷூவும் வெள்ளைக் கையுறையுமாக வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி.

கோரிமேட்டில் ஆஸ்பத்திரி வாசல். பேருந்தில் வந்திறங்கி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ, என்னாச்சுப்பா? யாரு உள்ள இருக்காங்க? இப்பிடி ஓடுறீங்களே!"

"யாரும் இல்லம்மா, பந்தயம்" என்றார் சவரிமுத்து.

"இந்த மழையிலயா? உங்களைப் பெத்தவங்க இருந்திருந்தா ரெண்டு போட்டிருப்பாங்க."

பக்கத்து டீக்கடைக்காரர் சிரித்தார். சவரிமுத்து நின்று டீ கேட்டார். "பந்தயத்துல டீ குடிக்கிறவங்களை இப்பத்தான் பாக்குறேன் பெருசு" என்றார் கடைக்காரர். "பந்தயம் எங்க போயிடப் போவுது? அண்ணனுக்கும் ஒண்ணு போடுங்க." நான் குடிக்கவில்லை. அவர் நிற்கும்போது முந்திவிடலாம் என்று ஓடினேன். தட்டாஞ்சாவடி திரும்புவதற்குள் பின்னால் சீட்டிச் சத்தம் கேட்டது. டீ குடித்த தெம்பில் வந்து சேர்ந்துவிட்டார். எனக்கு அந்த டீயின்மேலும் பொறாமை.

அதற்குள் என் விரல்கள் விறைத்துப்போய் மடக்க வரவில்லை. அவர் பார்த்தார். ஓடிக்கொண்டே பல்லால் இழுத்து ஒரு கையுறையைக் கழற்றினார். "இந்தாங்க அண்ணே." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கையோடு ஓடினோம்.

கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க போங்க அண்ணே. நான் வரேன்" என்றார். நின்றிருக்கலாம். அவர் கையுறை என் கையில் இருந்தது. நான் நிற்கவில்லை. போனேன். இதை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று.

அவருக்குக் கால் மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே நடுங்கிக்கொண்டு கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஓடி முடித்தவர்களில் மூத்தவர், அறுபத்து நான்கு வயது, சவரிமுத்து.

"அவன் எப்படிங்க? நான் அவனுக்கு அண்ணன்!" என்று முன்னால் போனேன்.

"நீங்க குடுத்த ரேஷன் கார்டுல அம்பத்தெட்டுனு இருக்கே, பெரியவரே."

கார்டுக்கு ஆள் கணக்கு எடுக்க வந்தவர் என் தலைமுடி கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஒரு வயதைப் போட்டுக்கொண்டு போனதை நான் எப்படிச் சொல்லுவேன்? சவரிமுத்து கொடுத்தது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புச் சீட்டு. அவர் பிறந்த மறுநாளே அவருடைய அப்பா மேரிக்குப் போய், அதாவது அந்தக் காலத்து நகராட்சிக்குப் போய், பதிந்து வைத்துவிட்டார்.

"அவனையே கேளுங்க. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பல் கிட்டிப்போய் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். "பேப்பர்ல என்ன இருக்கோ அதான் சார்" என்றார்.

வாங்கிக்கொண்டார். அதை ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தார். கொஞ்ச நாள் கழித்துத் தன் பல் செட்டை அதில் போட்டு வைத்தார். அதைவிட மோசம், என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். "வாப்பா தம்பி, மெதுவா வா, வழுக்கும்." "தம்பி இன்னும் சின்னப் பையன், ஓடட்டும் ஓடட்டும்." ஆரோக்கியமேரி அதட்டினார்: "ஏங்க, அவரு மூஞ்சி போற போக்கைப் பாருங்க. விடுங்களேன்." அவர் விடவில்லை. ஒரு வருடம் முழுவதும் நான் தம்பி.

ஒரு நாள் ஓடும்போது அவரே சொன்னார்: "நீயும் இந்த ஊர்லதானே தம்பி பொறந்த? மேரிப் பதிவுல உன் பேரும் இருக்கும். போய்த் தேடேன்." கேலியாகத்தான் சொன்னார். நான் போனேன். விண்ணப்பம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். யாரைக் கேட்டு எழுதினாலும் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். நானே எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் என் மகளைவிடச் சின்னவர். முதல் நாள் பலப்பம் மூன்று உடைந்தது. ரிக்‌ஷா ஹாண்டிலைப் பிடிப்பது மாதிரி பிடித்தேன். ஆனால் என்ன சொல்லுவேன், ஒரு நாள் எதிரே வந்த பேருந்தின் நெற்றியில் 'கோரிமேடு' என்று இருந்தது. எத்தனை வருடம் அந்தப் பேருந்தைப் பார்த்திருப்பேன். அன்றுதான் அது என்னோடு பேசியது. தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். ஒரு பொறாமைக்காரனுக்கு இவ்வளவு பெரிய சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். கீழே கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். பல மாதம் நடந்து, நகல் கிடைத்தது. வாசலுக்கு வந்து பிரித்தால் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. முழுவதும் பிரெஞ்சு. தேதி, மாதம், வருடம் எல்லாம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே எழுதியிருந்தது. நம் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"வாப்பா தம்பி" என்றார் சவரிமுத்து. நான் காகிதத்தை நீட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, மனைவியின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, சாமியார் பூசை வைப்பது மாதிரி பிரெஞ்சில் படித்தார். பாதியில் சத்தம் நின்றுபோனது. உதடு மட்டும் அசைந்தது.

"உங்க அப்பா பேரு சரியா இருக்கு. விவசாயம்னு போட்டிருக்கான். சாட்சி ரெண்டு பேரு."

"மாசத்தைச் சொல்லுடா."

அவர் காகிதத்தை மடித்தார். "என்னைவிட அஞ்சு மாசம் சின்னவரு அண்ணே நீங்க."

ஆரோக்கியமேரி மோர் கொண்டுவந்து வைத்தார். சவரிமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தக் காலத்துல கழனி வேலையை விட்டுட்டு டவுனுக்கு வந்து பதியறதுன்னா சும்மாவா? உங்க அப்பா லேட்டா வந்து எழுதியிருப்பாரு. உங்க அம்மா சொன்னதுதான் சரியா இருக்கும். இதை வீட்டுல வெச்சிடுங்க அண்ணே. யார்கிட்டயும் காட்ட வேணாம்."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. காகிதம் கையில் இல்லாதபோது ஒரு வருடம் என்னைத் தம்பி என்றவர், காகிதம் கைக்கு வந்ததும் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு தடவைகூடத் தம்பி என்று சொல்லவில்லை. கோப்பை போனபோது வந்த பொறாமையைவிட இது பெரிய பொறாமை. என் கையில் அப்படி ஒரு காகிதம் கிடைத்திருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். எனக்கே தெரியும்.

கரும்பலகையைப் படித்த அன்று மாலை அடக்கத்துக்குப் போனேன். மூன்று பேண்டு செட் ஆட்கள், யாரும் கூப்பிடாமலே வந்து வாசித்தார்கள். நம் காலை ஓட்டக்காரர்கள் எல்லோரும் இருந்தீர்கள். இவ்வளவு கூட்டமா என்று அங்கேயும் எனக்கு வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். சவரிமுத்துவின் வயது நின்றுவிட்டது. என் வயது ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நின்ற இடத்துக்கு நான் போய்ச் சேர ஐந்து மாதம். இந்த நாலைந்து பக்கம் எழுதுவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. இன்னும் நான்கு மாதம் நான் உயிரோடு இருந்தால், பிரெஞ்சுக்காரன் காகிதத்தின்படியும் நான்தான் மூத்தவன். யாரும் மறுக்க முடியாது. இதற்குத்தான் ஓடினேன், எழுத்து படித்தேன். இப்போது அது வர வேண்டாம் என்று இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமைதான். வேறு யார்மேலும் எனக்கு அது வந்ததில்லை. அது இல்லாமல் காலையில் எழுந்து ஷூ மாட்ட எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதை இந்த நான்கு மாதத்துக்குள் சொன்னால்தான் செல்லும். அதனால் இங்கே, என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

போய்ட்டு வாங்க அண்ணே.