சுவரைப் பார்த்த அந்தோனியார்

காலையில் எழும்பிப் பார்த்தால் அந்தோனியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதல்நாள் பின்னேரம் நான்தான் அவரை நேராகத் திருப்பி வைத்திருந்தேன். அதற்கு முதல்நாளும் அப்படித்தான். ஒரு முழ உயரச் சிலை, எங்கள் பேச்சில் சுருவம். கையில் குழந்தை யேசு, மூக்கு நுனியில் பெயின்ற் போய்விட்டது. நான் திருப்புவேன், விடிவதற்குள் என் மச்சாள் றெஜினா திரும்பவும் சுவரைப் பார்க்க வைத்துவிடுவா. கேட்ட காரியத்தைச் செய்து தராத புனிதரை, அது நடக்கும் வரைக்கும் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது குருநகரில் எங்கள் கரையோர வீடுகளில் சிலருக்கு வழக்கம். நோர்வேயில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவளுக்கு இதைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. ஏற்கனவே என்னிடம் எரிச்சலுக்குக் குறைவும் இல்லை.

நாங்கள் வந்தது கோயில் திருநாளுக்கு. பேர்கனில் மழையும் வேலையுமாகக் கிடந்த என் கணவர் அமலதாஸ், பிறந்த ஊரில் ஒருமுறை ஊர்வலத்தில் சுருவம் தூக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். திருநாளுக்கு முதல் கிழமை, அக்கா றெஜினா வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தலைக்குள் இரத்தக் குழாய் அடைத்துவிட்டதாம். வலது கை, கால், பேச்சு, விழுங்குவது எல்லாம் ஒரே நாளில் போயின. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு, மூக்கில் ஒரு குழாயோடு, இனிப் போகலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு வருமா என்று டொக்டரிடம் கேட்டேன். "வராது எண்டும் சொல்லேலாது, வரும் எண்டும் சொல்லேலாது" என்றார். திரும்பிப் போகும் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மகள் பேர்கனிலிருந்து ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து "அப்பா கதைக்கிறாரா" என்று கேட்பாள். நான் கமராவை யன்னல் பக்கம் திருப்பிவிடுவேன்.

இதற்கிடையில் பார்க்க வருகிறவர்கள். பேர்கனில் பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் கோப்பித்தூள் கேட்பதென்றாலும் முதலில் குறுஞ்செய்தி அனுப்புவாள். இங்கே கேற்றைத் தள்ளிக்கொண்டு நேராகக் கட்டிலடிக்கு வந்துவிடுவார்கள். தண்ணீரே விழுங்க முடியாத மனிதருக்கு பிஸ்கற் பெட்டியும் பால்மாவும். ஓட்டோக்காரத் தம்பி மருதனார்மடத்து ஆஞ்சநேயரிடமிருந்து திருநீறு கொண்டுவந்து தந்தான். அவன் ஒருவன்தான் தந்துவிட்டுப் பேசாமல் போனான். மற்றவர்கள் எல்லோருக்கும் இதே மாதிரி விழுந்த ஒரு மாமா இருந்தார். அந்த மாமா என்னவானார் என்பதை இவர் காதுபடச் சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

மச்சாள் மீன் சந்தையால் வந்த ஒரு மத்தியானம் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டா.

"உவரை ஏன் திருப்பினனீர்?"

"சுருவத்தோடை என்ன கோபம் மச்சாள்?"

"சுருவத்தோடை ஆருக்குக் கோபம்? எனக்கு அந்தோனியாரோடைதான் கோபம். என்ரை தம்பியைப் படுக்கையிலை போட்டிட்டு உவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"கையிலை இருக்கிற பிள்ளையும் சேர்ந்தெல்லோ சுவரைப் பார்க்குது?"

"பார்க்கட்டும். பிள்ளைக்கும் விளங்கட்டும்."

மீன் கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு, சுருவத்தைத் திருப்பிவிட்டுத்தான் கை கழுவப் போனா.

எனக்குக் கடவுளோடு இந்தளவு பழக்கம் விட்டுப்போய் நெடுங்காலம். இவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய வருடம், ஒரு வேலைநாளில், மனம் பொறுக்காமல் பேர்கனில் கோயிலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, "அவ்தாலே இருக்கிறதா?" என்று கேட்டாள். அவ்தாலே என்றால் முன்கூட்டியே எடுத்துவைத்த சந்திப்பு நேரம். பல்வைத்தியர், வங்கி, பிள்ளையின் ஆசிரியை, எல்லோருக்கும் அங்கே அது வேண்டும். நான் கடவுளைப் பார்க்க வந்தேன் என்றேன். அவள் மிகவும் கரிசனையோடு கணினியைப் பார்த்து, பாதர் அடுத்த வியாழக்கிழமை பத்தரைக்கு ஓய்வாக இருக்கிறார் என்றாள். நல்ல மனுசி, குறை சொல்லக்கூடாது. ஆனால் நான் வீட்டுக்கு வந்து கத்தினேன். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "விடப்பா" என்றார்.

இவருடைய வாயில் எப்போதும் அதுதான். பஸ் சாரதியோடு நான் சண்டை பிடித்தால் விடப்பா. மின்சாரக் கம்பனிக்கு ரெலிபோனில் ஏசினால், பின்னால் நின்று விடப்பா. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் ஏறும். அந்த வியாழக்கிழமைக்கு நான் போகவில்லை. யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்க அந்த நாட்டில் பழகிக்கொண்டேன். கடவுளையும் அப்படியே தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டேன். ஞாயிறு பூசைக்குப் போவேன், பாடுவேன், ஒன்றும் கேட்கமாட்டேன்.

உண்மையில் நான் கேட்பதை விட்டது அதற்கும் முந்திய கதை. இந்தச் சுருவம் என் அம்மாவினுடையது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது புயலில் அப்பாவின் படகு வரப் பிந்திவிட்டது. அம்மா அந்தோனியாரைத் திருப்பிவிட்டா. படகு வந்துவிட்டது என்று சனம் கத்தியபோது, கரைக்கு ஓடுவதற்கு முதல் அவரை நேராக்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஓடினா. பிறகு யுத்தகாலத்தில் ஒருநாள் என் அண்ணை கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை, யார் பிடித்தது எங்கே கொண்டுபோனது என்று ஒரு தகவலும் வரவில்லை. அம்மா மறுபடியும் திருப்பினா. நான் நோர்வேக்குப் போகும்போதும் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அந்த முதுகுக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினா. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்த நான்தான் அவரைத் திருப்பி, தூசி தட்டி, மச்சாளிடம் கொடுத்தேன். அண்ணையின் கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம் செபக்கூட்டத்து ஐயா ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு, கையில் வேதாகமம். இவருடைய தலையில் கைவைத்துச் செபித்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, இது தேவசித்தம். ஏற்றுக்கொள்ளப் பழகவேணும்."

ஓம் ஐயா என்று தலையாட்டி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரும்போது எனக்கு நெஞ்சு கொதித்தது. ஏற்றுக்கொள்ளத் தெரியாதவளா நான்? அண்ணையை ஏற்றுக்கொண்டேன். பூட்டிய கதவை ஏற்றுக்கொண்டேன். குழாயால் பாற்கஞ்சி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, இதுவும் இப்படித்தான் என்று இவரையும் பாதி ஏற்றுக்கொண்டுதான் இருந்தேன். அந்தோனியார் சுவர்த் தட்டில் நின்று நேராக என்னைப் பார்த்தார். அன்று காலையும் நான்தான் திருப்பியிருந்தேன்.

"என்ன பார்க்கிறீர்?" என்றேன். "பிள்ளையைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறீர், பிள்ளையிட்டை எங்களுக்காண்டி ஒரு வார்த்தை சொல்ல ஏலாதோ? இந்த மனுசன் உமக்கு என்ன செய்தது? உம்மடை கோயிலிலை சுருவம் தூக்கத்தானே வந்தது? அம்மா கேட்டா, குடுக்கேல்லை. நான் கேக்காமலே விட்டன், அதுக்கு இதோ பரிசு? நான் ஏற்றுக்கொள்ளமாட்டன். கேக்குதோ? ஏற்றுக்கொள்ளமாட்டன்."

அழுகையும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் அவரைத் தூக்கி, தட்டு அதிர, சுவரைப் பார்க்க வைத்தேன். இல்லாத ஒருவரோடு யாரும் இப்படிச் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவர் அங்கே இருந்தார். கேட்டுக்கொண்டும் இருந்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் செபம் செய்திருந்தேன்.

கட்டிலில் ஒரு சத்தம். குழாயில் சளி அடைத்துவிட்டதாக்கும் என்று பதறித் திரும்பினேன். இவர் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுபட்டது.

"வி… ட… ப்பா."

வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சொல்லுக்கு எனக்குக் கோபம் வரவில்லை. கட்டிலடியில் குந்தியிருந்து, இன்னொருக்கால் சொல்லுங்கோ, இன்னொருக்கால் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். மனுசன் களைத்துப்போய்க் கண்ணை மூடிவிட்டது. அன்று பின்னேரம் மகள் வீடியோவில் வந்தபோது கமராவை யன்னல் பக்கம் திருப்பவில்லை.

இப்போது கரண்டியால் கொஞ்சம் கஞ்சி விழுங்குகிறார். ஐந்தாறு சொல் வருகிறது. அதில் பாதி எனக்கு ஏச்சு. கால் இன்னும் அசையவில்லை. பேர்கன் வீட்டுச் சாவி என் கைப்பைக்குள் கிடக்கிறது, எப்போது அதற்கு வேலை வரும் என்று தெரியாது. இவருக்குப் பேச்சு வந்த அன்றே மச்சாள் சந்தையால் ஓடிவந்து, தம்பியின் முகத்தைத் தடவிவிட்டு, நேரே தட்டடிக்குப் போனா.

"இனித் திருப்புவம் மச்சாள். செய்திட்டாரெல்லோ."

"முழுக்க வேண்டாம்" என்றேன். "கால் இன்னும் வரேல்லை. அண்ணையும் இன்னும் வரேல்லை."

மச்சாள் அந்தோனியாரைத் தூக்கினா. சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்து, பாதி மட்டும் திருப்பி வைத்தா. அந்தச் சுவருக்கு அப்பால் கடல். அந்தோனியார் இப்போது ஒரு கண்ணால் கட்டிலையும் மற்றக் கண்ணால் கடலையும் பார்த்தபடி நிற்கிறார். பின்னேரங்களில் நான்தான் விளக்குக் கொளுத்துகிறேன்.