குழாயின் தொப்பை

அந்தப் பூந்தொட்டியின் பக்கத்தில் நின்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே போகும் குழாயின் அடிவயிற்றிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாங்கத்தான் அது அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

தேயிலைக் கொழுந்து வாட்டும் இடத்துக்குக் காற்று ஊதும் ப்ளோவருக்கு, வெளிக்காற்றை இழுத்து வரும் குழாய் அது. வரைந்தவள் என் பெரியம்மா மகள். இதே எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, படித்து, இதே தொழிற்சாலைக்கு இன்ஜினியராக வந்தவள். நான் அவளுக்குக் கீழே ஃபிட்டர். எங்கள் மலையில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. காற்றோடு வரும் பனி குளிர்ந்த இரும்பில் பட்டுத் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் ப்ளோவருக்குள் போகாமல் வந்த வழியே வெளியே வழிய வேண்டும் என்று, குழாய் முழுவதையும் ப்ளோவரை நோக்கி ஏறுசரிவாக வரைந்திருந்தாள் அக்கா. எங்கும் ஒரு பள்ளம் கிடையாது.

மேனேஜரை நாங்கள் துரை என்போம். அவர் வந்து பார்த்தார். அவரும் நம் தமிழ் ஆள்தான்.

"தேத்தண்ணிக் கடை கண்ணாடிக்கு நேரா போகுது. டூரிஸ்ட்டுக்கு வியூ மறைக்குதுலா. அந்த இடத்துல மட்டும் கீழ இறக்கிடுங்க."

"இறக்கினா அங்க தண்ணி நிக்கும் துரை. ப்ளோவர் அத ஒரே மொடக்கா உறிஞ்சிச்சுன்னா எறக்கை ஒடஞ்சிரும். அடியில ஒரு வடிகுழாயாச்சும் வைக்கணும்," என்றாள் அக்கா.

"கீழ ஆளு நடக்கிற வழி. அவங்க தலையில சொட்டவா? வேணாம்."

அவர் சொன்னபடியே வடிகுழாய் இல்லாமல் இறக்கினோம்; அந்த இடத்தில் குழாய் தொப்பைபோலத் தொங்கியது. மழைக்காலத்தில் தொப்பை நிறைந்தது, ப்ளோவரின் இறக்கை உடைந்தது, வாட்டப் போட்ட கொழுந்தெல்லாம் வீணானது. தலைமை அலுவலகத்தார் கேட்டபோது துரை கொஞ்சமும் கூசாமல், "வரைஞ்சது அவங்கதான்," என்றார்.

"எறக்கச் சொன்னது நீங்கதானே துரை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"நீ ஒன் ஸ்பேனரப் பாருலா."

அக்காவுக்கு வேலை போனது. பெரியம்மாவோடு சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு ரிங்லெட் வழியாக மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப் போனாள். அவள் போன பிறகு, அவள் சொன்ன அதே இடத்தில் வடிகுழாய் வைக்கச் சொன்னார் துரை. வைத்தவன் நான். பூந்தொட்டி மட்டும்தான் அவருடைய சொந்த யோசனை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாமே தன் திருத்தம் என்கிறார். என்ன மனுஷன்!

நேற்று அக்கா போன் செய்தாள்.

"சொட்டுதாடா?"

"சொட்டுதுக்கா."

"அப்ப ப்ளோவர் தப்பிச்சிச்சு. விடுடா."

அவள் விட்டுவிட்டாள். என்னால் முடியவில்லை. இன்று காலை அந்தப் பூந்தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். சொட்டட்டும். யாராவது தலையைத் தடவிக்கொண்டே மேலே பார்த்து, ஏன் இப்படி என்று கேட்கட்டும். சொல்ல நான் இங்கேதான் இருக்கிறேன்.