பட்டியலில் இல்லாத குறத்தி

புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய பசைக்கு ஒரு வாடை உண்டு. சூடாக இருக்கும்போது கஞ்சியைப்போல மணக்கும், வெயிலில் காயக் காய லேசாகப் புளித்து நாறும். எங்கள் போடிநாயக்கனூரில் சித்திரை மாதச் சந்தை நாள் ஒன்றில் சாவடிச் சுவரிலிருந்து அந்த வாடை கிளம்பினால், நாடகப் பதக்கத்துக்கான பட்டியலை ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஏலக்காய் மண்டிக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து வருஷந்தோறும் பதக்கம் கொடுத்துவந்தார்கள். மாசியும் பங்குனியும் சுற்றுவட்டார நாடக “செட்டு”கள் எல்லாம் போடியில் வந்து ஆடும். பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்ற ஐந்து வகைக்கும் வகைக்கு மூன்று பேராகப் பொறுக்கிப் பட்டியல் ஒட்டுவார்கள். பார்த்த ஜனங்கள் தங்களுக்குப் பிடித்தவர் யார் என்று எழுதிக் கொடுக்கும் “சீட்டு”களை எண்ணித்தான் அந்தப் பொறுக்கல் நடக்கும். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பதக்கம் என்றாலும், ஆட்டக்காரர்களுக்குப் பதக்கத்தைவிடப் பட்டியலே பெரிது. வைகாசி முதல் ஆடி வரையில் தேவாரம், கம்பம் பக்கம் திருவிழா நடத்துகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கு வெற்றிலை பாக்கு வைப்பது என்று முடிவு செய்வார்கள்.

சீமையில் பெரிய சண்டை நடக்கிறதாம், அதனால் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று எல்லோரும் புலம்பிய வருஷம் அது. எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அன்றும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றும் சொல்லத்தான் செய்கிறேன்.

என் சித்தப்பா முத்தையா ஸ்திரீபார்ட் போடுகிறவர். மீசை வைக்காத முகம், நீண்ட கழுத்து, நெஞ்சிலிருந்து அல்லாமல் எங்கோ தலைக்கு மேலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். எந்த நாடகமானாலும் நடுவில் குறத்தி வந்து குறி சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். ஸ்திரீபார்ட் போடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குறத்தியைப் போட்டே ஆகவேண்டும். மற்றவர்களின் குறத்தி பட்டுக் கட்டிக்கொண்டு, கூடையில் பூ வைத்துக்கொண்டு வருவாள். சித்தப்பாவின் குறத்தி குரங்கணி மலைப்பாதையில் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறவளாக, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே மேடைக்கு வருவாள். ஏலக்காய் எடுப்புக் காலத்தில் இரண்டு மாதம் சித்தப்பாவும் மலைக்குப் போய்வருகிறவர். அங்கே கண்டதையெல்லாம், ஈர விறகு, கிழிந்த கம்பளி, கங்காணியின் இருமல் உட்பட, நின்ற இடத்திலேயே பாட்டாகக் கட்டிவிடுவார். மலையிலிருந்து நாடகம் பார்க்க இறங்கிவரும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே அழுவார்கள். அவருடைய பெயரை அவர்களில் ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. அவர்களுக்கு அவர் “எங்க குறத்தி”.

சீட்டு எழுதும் நாட்களில் அவர்கள் என்னைத் தேடித்தான் வந்தார்கள். சந்தைப் புளியமரத்தடியில், உப்பும் கருவாடும் வாங்கிய மூட்டைகளோடு வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள். பேச்சி என்று ஒரு பெண், குரங்கணிக்காரி, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“எழுது ஆத்தா. எங்க குறத்திக்குத்தான். வேற எவனுக்கும் இல்ல.”

“எங்கள் குறத்திக்கு” என்று எழுதினேன்.

“எழுதிட்டியா? அம்புட்டுத்தானா? நான் இம்புட்டு நீளத்துக்குச் சொன்னேன், நீ ஒரு எறும்பு வரிசை போட்டு முடிச்சுட்டியே.”

“எழுத்துன்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன் நான், டீச்சரம்மாவைப்போலவே தலையை நிமிர்த்திக்கொண்டு.

பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலிருந்து வந்ததில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது டீச்சரம்மா கற்றுத்தந்த விதி. அந்த விதியைக் காப்பாற்றுகிற கர்வத்தோடு அன்று இருபதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் குறத்தி. நடுவில் ஒருமுறை சித்தப்பாவின் பெயரையும் எழுதவேண்டுமோ என்று தோன்றாமல் இல்லை. பென்சிலைக் காகிதத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்களின் பெயரைச் சிறுசுகள் வாயால் சொல்லக்கூடாது. மொட்டையாக “முத்தையா” என்று எழுதினால், சித்தப்பாவைத் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலாகிவிடும் என்று பட்டது. “சித்தப்பா” என்று எழுதலாம் என்றால் அது அவர்கள் சொன்ன சொல் அல்ல.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றுதான். தோட்டத்துக் கங்காணி வந்து, வருஷம் பூராவும் மலையிலேயே தங்கி வேலை பார்க்க ஆள் வேண்டும் என்று சித்தப்பாவைக் கேட்டிருந்தார். சித்திக்குக் கைக்குழந்தை. மழைக்காலத்தில் மலையில் தங்கினவர்களைக் குளிர்க்காய்ச்சலோடு கட்டிலில் போட்டுச் சுமந்து இறக்குவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

“பேரு வந்தா நாடகம், வரலைன்னா மலை” என்று சித்தப்பா கங்காணியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லும்போது சிரித்தார். பெயர் வராமல் போகும் என்று அவர் நினைக்கவே இல்லை, நாங்களும் நினைக்கவில்லை.

பட்டியல் ஒட்டின அன்று மண்டிக் கணக்கப்பிள்ளை காகிதத்தைத் தடவிவிட்டு, பசைக் கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி போய்விட்டார். சுவருக்கு முன்னால் நூறு பேர் நின்றார்கள். சந்தையில் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்திருக்கலாம். அவர்களும் கடைக்குள்ளிருந்து எழுந்து வரவில்லை. “அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ள எங்க? வெரசாக் கூப்பிடு” என்று சத்தம் கேட்டது. நான் அதற்காகவே பாவாடையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஒரு மாட்டுவண்டியின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

ராஜபார்ட்டில் மூன்று பெயர்களையும் படித்தேன். மூன்றும் எல்லோரும் எதிர்பார்த்தவை, தலையாட்டினார்கள். பபூனில் மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. அந்த ஆள் அந்த வருஷம் ஒரே ஒரு நாள் வந்து, தன் கட்டம் வருமுன் திரைக்குப் பின்னால் தூங்கிப்போனவர்.

“அவன் குறட்டைக்குக் குடுத்திருப்பாங்க மாப்ளே, அதுவும் சுதி சேந்துதான் இருந்துச்சு” என்றார் ஒருவர்.

ஆர்மோனியத்தில் தேவாரத்துக் கிழவர் விட்டுப்போயிருந்தார். தேவாரத்துக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். “இனிமே எங்க ஊருக்கு எவனும் பொட்டியத் தூக்கிக்கிட்டு வரட்டும், பாத்துக்கிறோம்” என்று ஒருவர் பொதுவாகச் சொல்லிவைத்தார். எனக்கு இதெல்லாம் குதூகலமாக இருந்தது. என் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் இந்தப் பக்கம் கூட்டம் சிரிக்கிறது, அந்தப் பக்கம் முணுமுணுக்கிறது. இத்தனை பெரியவர்களை ஆட்டிவைப்பது நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ஸ்திரீபார்ட்டைக் கடைசியில் எழுதியிருந்தார்கள். முதல் பெயர் கம்பத்துக்காரர். இரண்டாவது சின்னமனூர்க்காரர். மூன்றாவது பெயரைப் படிப்பதற்கு முன்பே என் கண் அதைப் பார்த்துவிட்டது. அது சித்தப்பாவின் பெயர் இல்லை. அப்படியே படித்தேன்.

பேச்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். “மறுபடி படி ஆத்தா. எங்க குறத்தியக் காணோமே.”

மறுபடி படித்தேன்.

“கீழ பாரு, காயிதம் மடிஞ்சிருக்கும்.”

ஒருவர் போய் ஈரக் காகிதத்தின் அடியோரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவர்கள், படிக்கிறவள் மனசு வைத்தால் பெயர் வந்துவிடும் என்று நம்பினதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் பெயரைச் சேர்த்துப் படித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கூட்டத்தின் ஓரத்தில் சித்தி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபிறகு எனக்குப் பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை.

பேச்சியும் இன்னும் சிலரும், குறத்தியின் பெயரைக் கூட்டத்தில் யாரிடமோ முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளை கெட்ட மனிதர் அல்ல. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, ஓரமாக வைத்திருந்த ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து பிரித்தார். நான் எழுதின சீட்டுகள்.

“குறத்தி, குறத்தின்னு இருக்கு. எந்தக் குறத்தி? ஆடுன அத்தனை பேரும் குறத்தி போட்டவங்கதானே. கம்பத்தான் கணக்குல சேக்கவா, சின்னமனூரான் கணக்குல சேக்கவா? அதான் தள்ளி வச்சுட்டோம்.”

“எங்களுக்கு ஒரே குறத்திதானய்யா” என்றாள் பேச்சி.

“ஒங்களுக்கு ஒண்ணு. எனக்குப் பதினாலு.”

“இப்பச் சொல்றேன், முத்தையான்னு எழுதிக்கிறுங்க. இந்தா இவ சித்தப்பன். கேட்டுக்கிறுங்க.”

“ஒட்டினது ஒட்டினதுதான் தாயி. ஒருத்தருக்குக் கிழிச்சா ஊருக்கெல்லாம் கிழிக்கணும். தேவாரத்தான் ஏற்கெனவே வாசல்ல நிக்கிறான்.” பிறகு ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஆனா யாரு எழுதுனது இது? எழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையெழுத்தை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு புகழ்ச்சியைத் தவிர மற்றவை எதுவும் இப்போது ஞாபகமில்லை.

வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை. சித்தி மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே, “மூணு எழுத்தோ நாலு எழுத்தோ... எழுதியிருந்தா ஒன் கை தேஞ்சா போயிருக்கும்?” என்று கேட்டாள். நான்கு எழுத்து என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சித்தப்பா வந்து அந்தச் சீட்டுகளைப்பற்றிக் கேட்டுவிட்டு வெகு நேரம் சிரித்தார். “எல்லாரும் கும்புட்ட சாமிக்குப் பேரு மட்டும் இல்லாமப் போச்சு” என்றார். என் தலையில் கையை வைத்து, “அவுங்க சொன்னதத்தான நீ எழுதுன. விடு ஆத்தா” என்றார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அது எனக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் காலை கங்காணியோடு குரங்கணிப் பாதையில் ஏறிப்போனார். வேஷத்துணி மூட்டையைச் சித்தியிடம் கொடுத்து, கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஊர் எல்லைவரை நானும் கூடப் போனேன். கங்காணியிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த சொற்கள் அத்தனையும் பாடப்புத்தகத்துச் சொற்களாக இருந்தன.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் “கொயினா” மருந்து உருண்டைகளை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அது உயிரைக் காப்பாற்றியது, காதை எடுத்துக்கொண்டது. முதலில் வண்டு ரீங்காரம் கேட்கிறது என்றார், பிறகு அதுவும் இல்லை என்றார். தை மாதம் கீழே இறங்கிவந்தவர், வாசலில் நின்று எங்களுக்காகக் குறத்திப் பாட்டை ஒரு வரி பாடினார். குரல் பழைய இடத்துக்குப் போகத் தேடி, கிடைக்காமல், தாறுமாறாக எங்கோ போயிற்று. அவருக்கு அது தெரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பாதியில் நிறுத்திவிட்டார்.

இப்போது நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சொல்வதெழுதுதல் நான்தான் நடத்துகிறேன். பட்டியல் ஒட்டும் வழக்கம் மண்டிக்காரர்களுக்குள் பிணக்கு வந்து நின்றுபோய் ஐந்தாறு வருஷம் ஆகிறது. சாவடியும் பாதி இடிந்துவிட்டது. தேவாரத்துக் கிழவரும் இல்லை, செட்டுகளும் இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு கூடாரம் போட்டுப் பேசாத சலனப்படம் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எந்தப் படக்காரி அழகு, எவனுக்கு மெடல் கொடுக்கலாம் என்று என் முதுகுக்குப் பின்னால் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அந்தக் கூடாரம் மிகவும் பிடித்திருக்கிறது; வாரத்துக்கு இரண்டு தடவை போகிறாராம். அன்று படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால், இயந்திரம் சுற்றும் சத்தம் ஒன்றுதான் இருந்தது. திரையில் ஒரு பெண் மரத்தடியில் நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். சித்தப்பா முன்னால் குனிந்து, அவளுடைய தொண்டையின் அசைவையே கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, காது கேளாதவர்களுக்கு வழக்கமான பெருங்குரலில் கேட்டார்:

“ஆத்தா, நல்லாப் பாடுறாளா?”

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.