எட்டுப் பக்கமும் ஒரு சால்வையும்

என் முட்டாள்தனங்களுக்குப் பஞ்சமே கிடையாது. கும்மிடிப்பூண்டியில் இறங்க வேண்டியவன் ரயிலில் தூங்கிப்போய் ஆந்திராவில் கண் விழித்திருக்கிறேன். ஆனால் போன வருடம் எங்கள் இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் நான் செய்தது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

நான் அங்கே பணியாளர் பிரிவு அதிகாரி. ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க விதிமுறை எழுதச் சொன்னார் மேனேஜர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து எட்டுப் பக்கம் எழுதினேன்.

எங்கள் சோதனைப் பிரிவிலேயே ஆட்டிசம் உள்ள ஒருவர் ஆறு வருடமாக இருக்கிறார். தேறாத கம்பியில் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. "எழுதினத காட்டுங்க சார்" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க அந்தப் பேஜாரு? நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்குப் பதிலாக ஒரு சால்வை வாங்கி வைத்தேன்.

விதிமுறையை ஏற்கும் கூட்டத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் போய் அவர் தோளில் அதைப் போர்த்தினேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைதட்டல் அடங்கும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு சால்வையை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மேஜைமேல் இருந்த என் எட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் வெளியே வந்தது.

மேனேஜர் காத்திருந்தார். நானும்தான், வேறு வழி?

அரை மணி நேரம் கழித்து அவர் எழுந்தார். "மூணாவது பக்கம் சார். இன்டர்வியூல பத்து நிமிஷம் மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு எழுதிக்கீறீங்க. நான் சேந்த அன்னிக்கு இது இருந்திருந்தா நான் இங்க இல்ல. திங்கக்கிழமை இன்டர்வியூக்கு ரெண்டு பேரு வராங்க. அவங்களும் ஊட்டுக்குத்தான் போவணும். பேச வைக்காதீங்க. கம்பியக் குடுத்துப் பாருங்க."

மேனேஜர் அந்த விதியை அங்கேயே அடித்தார். திங்கட்கிழமை வந்த இருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார்கள். இன்று இருவரும் வேலையில் இருக்கிறார்கள். விதிமுறையைப் புதிதாக எழுதிய குழுவில் அவர்தான் முதல் ஆள். நான் டைப் அடித்தேன்.

யாருக்காவது விதி எழுதப் போனால், முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேனாவைத் திறக்கிறேன்.

கூட்டம் முடிந்த அன்று ரயில்வே ஸ்டேஷனில் அசடு வழிய அவரிடம் கேட்டேன்: "எட்டுப் பக்கத்துல எதுனா ஒண்ணாவது தேறிச்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பக்க நம்பர்."