கடைசி வரிசையில் வைத்த டேப் ரெக்கார்டர்

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், அந்த ஊர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது என்று நிறுத்தத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். அஸ்கரி பேகம் டீச்சர் ஒரு வரி சொல்ல, நாற்பத்திரண்டு பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லும். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு. பதினாறு வருஷமாக அதே ராகம். ஒரு பிள்ளைகூடப் பின்தங்கியதாக அவர் காதில் விழுந்ததில்லை. அந்தச் சத்தம்தான் அவருக்குப் பெருமை.

எண்பத்திநாலாம் வருஷம் ஆகஸ்டில் யூனியன் ஆபீஸிலிருந்து பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. தலைமையாசிரியர் மாதேஸ்வரன் அதை இருப்புப் பதிவேட்டில் எழுதி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை. அஸ்கரி டீச்சருக்கும் ஆட்சேபணை இல்லை. தன் தொண்டை சொல்லாத எதை இந்தப் பெட்டி சொல்லிவிடப் போகிறது என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். ஆறு மாதம் பெட்டி பீரோவிலேயே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்ஷன். ஒவ்வொரு பள்ளியும் ஒரு வகுப்பின் பாடத்தைப் பதிவு செய்து ஆபீசருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மாதேஸ்வரன் யோசிக்கவே இல்லை. நாலாம் வகுப்பு என்று முடிவு செய்தார்.

அதே வாரம் இன்னொரு வேலையும் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் போகத் தகுதியில்லாத பிள்ளைகளின் பட்டியலை அன்றைக்கு ஆபீசரிடம் கொடுக்க வேண்டும். அஸ்கரி டீச்சர் எழுதியது ஒரே ஒரு பெயர்: ராமக்காள். எல்லை தாண்டி வந்து கரட்டுக் குன்றோரம் குடியிருக்கிற கன்னடக்கார நஞ்சப்பனின் மகள். கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்காருவாள். எழுப்பிக் கேட்டால் வாய் திறக்க மாட்டாள். விஷயம் காதுக்கு எட்டியதும் நஞ்சப்பன் வாசலில் வந்து நின்றார்.

"ஃபெயிலுன்னா நிறுத்திக்கிறனுங்க டீச்சரம்மா. ஆடு ஓட்டறதுக்கும் ஆளில்ல. சும்மா எதுக்கு ஒக்காந்துக்கினு இருக்கோணும்?"

பாவம்தான், ஆனால் மண்டையில் ஏறவில்லையே என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் கரண்டு கிடையாது. பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருந்த அவர் கணவர் ஹயாத் பாஷா, கடை ரேடியோவிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் சேதி கேட்காவிட்டால் ஜாக்கெட்டுகள் ஒன்றும் கோணலாகிவிடாது என்றார்.

முதல் தடவை பெட்டியை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்தார்கள். திருப்பிப் போட்டதும் யாரோ ஒரு பெண்பிள்ளை அதட்டுகிற குரல் வந்தது. யாரோ சண்டைக்காரி என்று டீச்சர் நினைத்தார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷமாக ஊரெல்லாம் கேட்ட குரலை, சொந்தக்காரி இன்றைக்குத்தான் கேட்கிறாள்! இன்னொரு முறை போட்டுக் கேட்டார். தொண்டை மட்டும்தான் இருந்தது, பிள்ளைகள் இல்லை.

"புள்ளைங்க சத்தம் வேணுமே டீச்சர். பெட்டிய கடைசில வெச்சிட்டு நீங்க வெளிய நில்லுங்க," என்றார் மாதேஸ்வரன்.

அப்படியே செய்தார்கள். கடைசி வரிசையில் ஒரு ஸ்டூல் போட்டு, பெட்டியை வைத்து, இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திவிட்டு டீச்சர் வாசலுக்குப் போனார். முன்வரிசை கருப்பண்ணன் எடுத்துக்கொடுக்க, வகுப்பு எட்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னது. வெளியிலிருந்து கேட்கையில் எப்போதும்போல் கணீரென்றுதான் இருந்தது.

நாலு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு, பென்னாகரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ராமக்காள் உட்காரும் இடத்திலேயே தரையில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.

ராகம் வந்தது. ஏற்ற இறக்கம் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆனால் சொல் இல்லை. ம்ம்ம்ட்டு, ம்ம்ம்னாறு, ம்ம்ம்நாலு. வால் மட்டும் தெரிந்தது. முழுச் சொல் எங்கேயோ தூரத்தில், முன்வரிசையில் இரண்டு மூன்று வாயில்தான் இருந்தது. இத்தனை வருஷமும் அவர் கேட்டது தன் குரலையும் அந்த இரண்டு மூன்று வாய்களையும்தான். மற்றதெல்லாம் வெறும் முணுமுணுப்பு.

அப்போதுதான் அந்த முணுமுணுப்புக்கு அடியில் நூல்போல் ஒரு குரல் ஓடுவதைக் கவனித்தார். பெட்டிக்கு மிகப் பக்கத்தில், தனக்குத்தானே பேசுகிற மாதிரி.

"எண்டெரட்ல ஹதினாறு... எண்டுமூர்ல இப்பத்துநாலு..."

நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். கன்னடத்தில் அதே எட்டாம் வாய்ப்பாடு. கடைசி வரைக்கும் ஒரு பிழை இல்லை. வகுப்பு எட்டெட்டில் தடுமாறி இழுத்தபோதுகூட அந்தக் குரல் நிற்கவில்லை. யாருக்கும் காத்திராமல் எண்பதுவரை போய், அங்கே தானாக அடங்கியது.

கணவரின் கடையில் துணி அளக்கும்போது டீச்சரே மனசுக்குள் எப்படிப் பெருக்குவார்? ஆட் தூனி சோலா, அதே ஈரெட்டு பதினாறு. வீட்டில் உருது, வாசல் தாண்டினால் தமிழ். அதை வெளியே யாருக்கும் சொன்னதில்லை. தன்னைப்போலவே ஒருத்தி ஒரு வருஷமாகப் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறாள், தன் சத்தத்தில் அவளைக் கேட்க முடியாமல் போயிருக்கிறது. அதைக் கேட்டுச் சொல்ல, வேட்டித் துணியில் சுற்றிப் பூட்டி வைத்த ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அன்றைக்கு அந்த பஸ் போய்விட்டது.

மறுநாள் மாதேஸ்வரன் கேட்டுவிட்டு முகம் வெளிறினார். "இத அழிச்சிட்டு முன்னால வெச்சு எடுங்க டீச்சர். ஆபீசருக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே சார்."

இன்ஸ்பெக்ஷன்வரை இருந்த பத்து நாளும் டீச்சர் வகுப்பைப் பாட விடவில்லை. மத்தியானத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். உன் மொழியில் எண்ணிக்கோ, எனக்குத் தமிழில் சொல்லு என்று ராமக்காளிடம் சொன்னார். முதல் மூன்று நாள் அவள் தரையைப் பார்த்தாள். நாலாம் நாள் பெட்டியில் அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினார். அவள் பெட்டியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நானா டீச்சர்?"

அதுதான் அவள் வகுப்பில் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

இன்ஸ்பெக்ஷன் அன்று அந்தப் பழைய பதிவைத்தான் போட்டார். ஆபீசர் புருவத்தைத் தூக்கினார். பாட்டு இருக்கிறது, வாய்ப்பாட்டைக் காணோமே என்றார். ஆமாம் சார், நானே இதில்தான் கண்டுபிடித்தேன் என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். பிறகு அந்தச் சின்னக் குரலைக் காட்டினார். ஆபீசர் பேனாவை மூடிவிட்டு, இது யார் என்று கேட்டார். டீச்சர் பெயர் சொல்வதற்குள் கடைசி வரிசையில் ராமக்காள் எழுந்து நின்றாள்.

"ஏழெட்டு?" என்றார் ஆபீசர்.

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னலில் மைனா ஒன்று கத்திவிட்டுப் போனது.

"அம்பத்தாறுங்க."

பதிவேட்டில் ஆபீசர் எழுதிவிட்டுப் போனது: கூட்டாக ஒப்பிக்கும் முறை திருத்தப்பட வேண்டும். அஸ்கரி டீச்சர் வாங்கிய முதல் கெட்ட பெயர் அது. கீழே கையெழுத்துப் போட்டார். பட்டியலில் இருந்த ஒரே பெயரைத் தன் கையாலேயே அடித்தார்.

சாயங்காலம் நஞ்சப்பன் மகளைக் கூட்டிப்போக வந்தார், இனிமேல் அனுப்புவதில்லை என்ற முடிவோடு. டீச்சர் பெட்டியை வாசலுக்கு எடுத்துவந்து பட்டனை அழுத்தினார். பேட்டரி தேய்ந்து குரல் கொஞ்சம் இழுத்தது. ஆடுகளை எட்டெட்டாகப் பட்டியில் அடைக்கும்போது அவர் சொல்கிற அதே கணக்கு, அவர் மகளின் குரலில் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நஞ்சப்பன் செருப்பைக் கழற்றிவிட்டார். தலைத்துண்டும் கைக்கு வந்துவிட்டது.

"நம்ம கணக்கு இதுக்குள்ளாற எப்டிங்க வந்துச்சு?"

"உங்க பொண்ணு சொன்னா. நாந்தான் கேக்காம இருந்துட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நிறுத்துகிற பேச்சையே எடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க டீச்சரம்மா," என்றார், மிகவும் மெதுவாக.