விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர்

அந்தமானில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். பழவேற்காட்டில், டச்சுக்காரன் கல்லறைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து கிளம்பி, முதல் தடவையாக விமானத்தில் உட்கார்ந்தேன். ஓடுபாதை வரைக்கும் போன விமானம், பறக்காமல் திரும்பி வந்து நின்றுவிட்டது. எல்லாரும் கத்தினார்கள்.

விமானியே தன் அறையிலிருந்து எங்களிடம் வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. பேச்சுக்கு நடுவே குனிந்து குனிந்து ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துக்கொண்டார், அது எங்கேயாவது ஓடிப்போய்விடும் என்பதுபோல.

“நான் கைப்பிடியத் திருப்பினா, விமானத்தைத் திருப்புற வலது இறக்கைத் தகடு அசைய மாட்டேங்குது. அது சரியாகாம விமானத்தை எடுக்க மாட்டேன்” என்றார்.

“சுக்கான் இறுகிப்போனா நாங்க படகுக்குப் பின்னாடி ஒரு துடுப்பப் போட்டுத் திருப்பிக்குவோம் நைனா. உன்கிட்ட துடுப்பு இல்லியா இன்னா?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இருக்கும்மா. நடுவழியில கெட்டுப்போனா அதை வச்சு சமாளிக்கலாம். கெட்டது தெரிஞ்சே கிளம்பக் கூடாது.”

“அங்க எம்பொண்ணுக்கு வலி எடுத்துட்சாம். அவளுக்கு யாரு பதில் சொல்றது?”

“நானே சொல்றேன், நம்பரைக் குடுங்க” என்று தன் போனை எடுத்தார்.

மகள் திட்டிய திட்டு பக்கத்து சீட்டுக்கெல்லாம் கேட்டது. மீன் ஏலத்தில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுசாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா. ஆனா எடுக்க மாட்டேன்” என்றார்.

மறுநாள் வேறு விமானத்தில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னாலேயே பேரன் வந்துவிட்டிருந்தான். அவனை என் மடியில் போட்டுவிட்டு மகள் மெதுவாகக் கேட்டாள்:

“அந்த ஆளு இன்னாம்மா, கோச்சிக்கவே இல்லியா?”