அமாவாசை விடியலும் மான்களும்

ஒஸ்லோவில் நிலாவைப் பார்த்து லீவு எடுப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். இந்த ஆண்டு ஆடி அமாவாசை பிந்தி, மான் வேட்டைக் காலம் தொடங்கிய கிழமையில் வந்தது. அந்த நாளுக்கு நான் லீவு கேட்டிருப்பதைக் கண்டு, மரக்கிடங்கில் என்னோடு வேலை செய்யும் லார்ஸ் முகம் மலர்ந்து வந்தான்.

“நீயும் வேட்டைக்காரன் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே! நல்ல நாளாய்ப் பாத்து எடுத்திருக்கிறாய்.”

அவன் பேசிய நோர்வேஜிய மொழி என் காதில் இப்படித்தான் விழுந்தது. முழுநிலாக் காலத்தில் ரோடூர் என்னும் சிறுமான்கள் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் பற்றைக்குள் படுத்துவிடுமாம். இருட்டு நாட்களில் மேய்ச்சல் குறைவு. பசியோடு விடியலில் வயலோரத்துக்கு வருமாம். இதை நம்பாத வேட்டைக்காரரும் உண்டு. லார்ஸ் நம்புகிறான்.

“வேட்டையில்லை. அப்பாவுக்காக அண்டைக்குச் சாப்பிடாமல் இருப்பன்” என்றேன்.

“அப்பாவும் வெறும் வயித்தோடைதான் வேட்டைக்குப் போறவரோ?”

அப்பா தபாலதிபர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டைவிட்டு வெளியே போகக் கடனீரேரியைப் படகில் கடக்கவேண்டும். நிலவில் ரோந்துப் படகுகளின் கண்ணில் பட்டுவிடுவோம் என்று சனங்கள் இருட்டுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு மருந்து வாங்க அப்பாவும் அப்படித்தான் ஓர் அமாவாசையை ஒட்டிப் புறப்பட்டார். சனங்கள் இருட்டில் வருவார்கள் என்பது ரோந்துக்காரருக்கும் தெரிந்திருந்தது. படகு அக்கரை சேரவில்லை. இறந்த நாள் உறுதியில்லாததால் அவருக்கென்று திதி இல்லை. எல்லாத் தகப்பன்மாருக்கும் பொதுவான ஆடி அமாவாசைதான் அவருக்கும்.

மதிய இடைவேளையில் இதை லார்ஸிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தான்.

“அண்டைக்கு நான் போகாமல் விடட்டோ?”

“ஏன்? நீ போ.”

விரதம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவனே சொன்னான். “மான்கிடாய் ஒண்டு வயலோரம் வந்தது. கனநேரம் நிண்டது.”

“சுட்டியோ?”

“இல்லை. தூரம் கூட.” கையுறையைப் பார்த்தபடி சொன்னான். எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

செப்டெம்பரில் வேறொரு மானின் தொடையிறைச்சி கொண்டுவந்து தந்தான். மனைவி யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி வைத்தாள். பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். நானும் சாப்பிட்டேன்.

அன்று மாலை குப்பை போட வெளியே போனபோது, நாங்கள் குடியிருக்கும் லோறென்ஸ்கூக் வீடுகளுக்கு மேலே பிறை தெரிந்தது. ஊரில் அது தோணிபோல மல்லாந்து கிடக்கும். இங்கே நிமிர்ந்து நிற்கிறது. அதை ஊரில் கிடப்பதுபோலப் பார்க்கத் தலையைச் சரித்தேன். பிறை சரியாகத்தான் வந்தது. வீடுகள் எல்லாம் சாய்ந்துவிட்டன.